சிபியூ கூலர் ஒப்பீடு: சூட்டையும் சத்தத்தையும் வீட்டிலேயே அளப்பது எப்படி?

கூலர் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "இதைப் போட்டால் எத்தனை டிகிரி குறையும்?" என்றுதான். கடைக்காரர் ஒரு எண் சொல்வார், யூடியூபில் ஒருவர் இன்னொன்று சொல்வார், உங்கள் கம்ப்யூட்டரில் மூன்றாவதாக ஒன்று வரும். யாரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அறை எவ்வளவு சூடாக இருந்தது, சிபியூ எத்தனை வாட் இழுத்தது, ஃபேன் எவ்வளவு சத்தம் போட்டது என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லாமல் டிகிரியை மட்டும் சொன்னால் அப்படித்தான் ஆகும்.

வெளிநாட்டு விமர்சனங்கள் பெரும்பாலும் 20 முதல் 22 டிகிரி அறையில் எடுக்கப்படுகின்றன. சென்னையில் மே மாதம் ஏசி இல்லாத அறை சர்வசாதாரணமாக 34, 35 டிகிரியில் கிடக்கும். அங்கே 70 காட்டிய அதே கூலர் இங்கே 83 காட்டும். அதைப் பார்த்துப் பதறிப்போய் இன்னும் விலை கூடிய கூலர் வாங்கப் போகிறவர்கள் உண்டு. அந்தப் பணமும் அலைச்சலும் உங்களுக்கு மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது காற்றால் குளிர்விக்கும் கூலர்களுக்கான வழிகாட்டி. கையில் இரண்டு கூலர்கள் இருந்து எதை வைத்துக்கொள்வது என்று பார்க்கிறவர்களுக்கும், பெட்டியோடு வந்த கூலரை மாற்றுவதில் பலன் உண்டா என்று யோசிக்கிறவர்களுக்கும் பயன்படும். இரண்டு கூலர்களை ஒழுங்காக ஒப்பிட ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையும், சத்தத்தை அளக்க ஓர் இரவும் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

1. உங்கள் சிபியூ உண்மையில் எத்தனை வாட் இழுக்கிறது?

பெட்டியில் போட்டிருக்கும் 65 வாட், 125 வாட் என்ற டிடிபி எண்ணை, அதாவது நிறுவனம் சொல்லும் வெப்பக் கணக்கை, நம்பிக் கூலர் தேர்ந்தெடுப்பதுதான் முதல் பொறி. இன்டெல் ஐ5-12400க்கு அடிப்படை 65 வாட், ஆனால் டர்போவில், அதாவது தானாக வேகம் கூட்டி ஓடும்போது, 117 வாட் வரை போகும். ஐ7-13700கே பெட்டியில் 125 என்று இருக்கும், உச்சம் 253 வாட். போதாததற்குச் சில மதர்போர்டுகள் இன்டெல் சொல்லும் வரம்பைத் தாமாகவே தளர்த்திவிட்டு வருகின்றன. கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில், பிஎல்1, பிஎல்2 என்ற இரண்டு வாட் வரம்புகளிலும் 4095 வாட் என்று இருந்தால் உங்கள் போர்டு அந்த ரகம்.

ஏஎம்டியில் கணக்கு கொஞ்சம் எளிது. டிடிபியை 1.35 ஆல் பெருக்கினால், மதர்போர்டில் சிபியூ உட்காரும் இடமான சாக்கெட்டுக்குப் போகும் உச்ச வாட், அதாவது பிபிடி கிடைக்கும். 65க்கு 88, 105க்கு 142, 170க்கு 230. ரைசன் 5 5600எக்ஸ் இதற்கு விலக்கு. அதன் டிடிபி 65 வாட்தான் என்றாலும் பிபிடி 76 வாட்.

ரைசன் 7000 வரிசை வைத்திருப்பவர்கள் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 7600எக்ஸ், 7950எக்ஸ் போன்றவை முழு வேலையில் 95 டிகிரி வரை போய் அங்கேயே நின்று ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை. அவற்றின் மேல் நல்ல கூலரைப் போட்டால் சூடு குறையாமல் கிளாக் வேகம் ஏறலாம். "பத்தாயிரம் ரூபாய் கூலர் போட்டும் 95தான் காட்டுகிறது" என்ற புலம்பல் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. ஒப்பிட வேண்டுமென்றால் இவற்றில் வாட்டைக் கட்டிப்போட்டே ஆக வேண்டும். அதை 6ஆம் படியில் பார்ப்போம்.

2. பொருந்துமா என்று அளந்து பாருங்கள்

வாங்குவதற்கு முன்பே ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். மூன்று அளவுகள் வேண்டும்.

முதலாவது உயரம். கேபினட்டின் விவரத் தாளில் சிபியூ கூலர் உயரம் இவ்வளவு என்று இருக்கும். டீப்கூல் ஏகே400ம் தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இயும் 155 மிமீ, ஏகே620 160 மிமீ, நாக்டுவா என்எச்-டி15 165 மிமீ. கேபினட் 160 என்று சொன்னால் 160 மிமீ கூலரை வாங்காதீர்கள். பக்கவாட்டுக் கண்ணாடி அழுத்திக்கொண்டு நிற்கும். இரண்டு மூன்று மில்லிமீட்டராவது இடைவெளி விடுங்கள்.

இரண்டாவது ரேம். என்எச்-டி15 போன்ற, உலோகத் தகடுகளை இரண்டு தொகுதியாக நிறுத்திய இரட்டைக் கோபுரக் கூலரில் முன் ஃபேன் ரேமின் மேல் வந்து உட்காரும். அதன் கீழே 32 மிமீ உயர ரேம்தான் நுழையும். விளக்கு வைத்த ரேம்கள் பல 40 மிமீக்கு மேல். ஃபேனை மேலே தூக்கி மாட்டலாம், ஆனால் தூக்கிய அளவுக்குக் கூலரின் மொத்த உயரமும் கூடும். அப்போது முதல் அளவுக்குத் திரும்பப் போக வேண்டும்.

மூன்றாவது சாக்கெட். இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட்டைச் சுற்றியுள்ள துளைகள் 78 மிமீ இடைவெளியில் இருக்கின்றன. அதற்கு முந்தைய எல்ஜிஏ1200, 1151 எல்லாம் 75 மிமீ. பழைய கூலரை அப்படியே மாட்ட முடியாது, தனிக் கிட் வேண்டும். ஏஎம்டியின் புதிய சாக்கெட்டான ஏஎம்5 விஷயத்தில், முந்தைய ஏஎம்4 கூலர்கள் பொருந்தும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. ஏஎம்5 போர்டில் பின்பக்கத் தகடு சாக்கெட்டோடு பிணைந்தது, கழற்ற முடியாது. போர்டின் சொந்தத் தகட்டையே பயன்படுத்தும் கூலர்கள் பொருந்தும். தன் சொந்தத் தகட்டைப் போடச் சொல்லும் கூலர்கள் பொருந்தாது. கூலரின் கையேட்டை முன்கூட்டியே இறக்கிப் படம் பார்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

3. பில், உத்தரவாதம், செலவு

விலைகள் டாலரோடும் பண்டிகைத் தள்ளுபடிகளோடும் ஆடிக்கொண்டே இருக்கும். தோராயமாகச் சொன்னால், சூட்டைக் கடத்தும் ஹீட்பைப் குழாய்கள் நான்கு கொண்ட ஒற்றைக் கோபுரக் கூலர் 2,000 ரூபாயை ஒட்டி, இரட்டைக் கோபுரம் 3,500இலிருந்து 5,000 வரை, நாக்டுவாவின் பெரிய மாடல்கள் பத்தாயிரத்தை ஒட்டி. சிபியூவுக்கும் கூலருக்கும் நடுவே பூசும் பேஸ்ட் கூலரோடு வரும். ஆனால் ஒப்பீட்டுக்கு இரண்டு கூலரிலும் ஒரே பேஸ்ட் போட வேண்டும் என்பதால் 4 கிராம் குழாய் ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய் ஆகும்.

சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் வாங்கும்போது "பில் இல்லாமல்னா இவ்வளவு, பில்லோட இவ்வளவு" என்று இரண்டு விலை கேட்க நேரலாம். வித்தியாசம் 18 சதவீத ஜிஎஸ்டிதான். கூலரில் இயங்கும் பாகம் ஃபேன் ஒன்றுதான், அதுதான் முதலில் கெடும், அதற்குத்தான் உத்தரவாதம் தேவைப்படும். பில் இல்லாமல் அது கிடைக்காது. பில்லில் மாடல் பெயர் முழுதாக இருக்கிறதா, சீரியல் எண் இருந்தால் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே நின்று பாருங்கள். வெறும் "சிபியூ ஃபேன் 1" என்று எழுதிய பில்லை வைத்துக்கொண்டு பிறகு வாதாட முடியாது.

சிபியூ, மதர்போர்டு பில்களையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாக்டுவா போன்ற சில நிறுவனங்கள் புதிய சாக்கெட்டுக்கான மாட்டும் கிட்டை இலவசமாக அனுப்பும். அதற்குக் கூலர் வாங்கிய பில்லோடு, புது மதர்போர்டோ சிபியூவோ வாங்கிய பில்லும் கேட்பார்கள். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள். ஜிஎஸ்டி பில்கள் பலவும் வெப்பத்தாளில் அச்சாகின்றன, ஒரு வெயில் காலம் தாண்டினால் வெள்ளைக் காகிதம்தான் மிஞ்சும்.

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். பேஸ்ட் தொட்ட கூலரைப் பெரும்பாலான கடைகள் திரும்ப எடுப்பதில்லை. அதனால் துடுப்புகள் வளைந்திருக்கின்றனவா, எல்லாத் திருகுகளும் இருக்கின்றனவா, ஃபேனைக் கையால் சுற்றினால் உரசுகிறதா என்று பேஸ்ட் போடும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

4. அளக்க என்ன வேண்டும்?

ஒரு டிஜிட்டல் அறை வெப்பமானி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரு டிகிரி கூடக் குறையக் காட்டினாலும் பரவாயில்லை, எல்லாச் சோதனைக்கும் அதே கருவியாக இருந்தால் போதும்.

விண்டோஸில் எச்டபிள்யூ இன்ஃபோ64, இலவசம். சூடு, வாட், கிளாக், ஃபேன் வேகம் எல்லாம் ஒரே திரையில். வேலை கொடுக்கச் சினிபெஞ்ச் ஆர்23 போதும். லினக்ஸ்காரர்களுக்கு எல்எம்-சென்சார்ஸும் ஸ்ட்ரெஸ்-என்ஜியும். பிரைம்95இன் ஸ்மால் எஃப்எஃப்டி சோதனை இன்னும் கடுமையானது. ஆனால் வீட்டில் யாரும் நாள் முழுக்க அப்படி ஓட்டப்போவதில்லை. வாட்டைக் கட்டிவிட்டால் எதை ஓட்டினாலும் கதை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

சத்தத்துக்கு ஒரு மீட்டர் வாங்கலாமா என்றால், என் அபிப்பிராயம் வேண்டாம். மலிவான மீட்டர்களில் பெரும்பாலானவை 30 டெசிபலுக்குக் கீழே அளப்பதில்லை. நல்ல கூலர்கள் சாதாரண வேகத்தில் அந்த எல்லையை ஒட்டியே ஓடுகின்றன. போன் ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். அது காட்டும் எண் சரியான எண்ணாக இருக்காது, ஆனால் ஒரே போன், ஒரே இடம், ஒரே இரவு என்று வைத்தால் எது கூட, எது குறைவு என்று சொல்லிவிடும்.

பழைய பேஸ்ட்டைத் துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால், நூல் உதிராத துணி. அவ்வளவுதான்.

5. கழற்றுவதும் மாட்டுவதும்

ஏஎம்4 வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். ஏஎம்4இல் கம்பி போன்ற சிறு கால்கள் (பின்கள்) சிபியூவில்தான் இருக்கின்றன, அதை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் மூடி கிடையாது. பழைய பேஸ்ட் இறுகியிருந்தால், கூலரை நேராக மேலே இழுக்கும்போது சாக்கெட் பூட்டியிருக்கும்போதே சிபியூ கூடவே பிய்த்துக்கொண்டு வரும். கால் வளைந்தால் செலவு கூலரோடு நிற்காது. கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் சினிபெஞ்ச் ஓட்டிச் சூடாக்குங்கள், நிறுத்திவிட்டு மின்சாரத்தை எடுங்கள், திருகுகளைத் தளர்த்துங்கள், கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருகுங்கள். பிடி விட்டதென்று கை உணர்ந்த பிறகுதான் தூக்க வேண்டும்.

புதுக் கூலரின் அடித்தட்டில் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதை உரிக்காமல் மாட்டிவிட்டு "தொண்ணூறு டிகிரி வருதுங்க" என்று வருபவர்கள் இன்றும் உண்டு.

பேஸ்ட் எவ்வளவு என்பதற்கு நடுவில் ஒரு பட்டாணி அளவு என்பது பழைய கணக்கு. எல்ஜிஏ1700 சிபியூக்கள் நீளமானவை, அவற்றில் நடுவில் ஒரு கோடாக இழுப்பது நல்லது. கொஞ்சம் கூடினால் ஓரத்தில் பிதுங்கும், கெடுதல் ஒன்றுமில்லை. குறைந்தால்தான் ஆபத்து. திருகுகளை எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுற்று வீதம் மாற்றி மாற்றி முடுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடுக்கிவிட்டு மறுபக்கம் போனால் தட்டு சாய்ந்து உட்காரும்.

ஃபேன் எந்தப் பக்கம் ஊதுகிறது என்பதையும் பாருங்கள். சட்டத்தில் அம்புக்குறி இருக்கலாம். இல்லாவிட்டால், குறுக்குக் கம்பிகள் இருக்கும் பக்கம் காற்று வெளியேறும் பக்கம். கேபினட்டின் பின் ஃபேன் இருக்கும் திசைக்கே அது ஊத வேண்டும்.

ஒரே கூலரைக் கழற்றித் திரும்ப மாட்டினாலே ஒன்றிரண்டு டிகிரி மாறும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் முடிவெடுக்கும்போது தேவைப்படும்.

6. வாட்டையும் ஃபேன் வேகத்தையும் கட்டிப்போடுங்கள்

பயாஸுக்குள் போய், இன்டெல் என்றால் பிஎல்1, பிஎல்2 இரண்டையும் ஒரே எண்ணில் வையுங்கள். ஏஎம்டி என்றால் பிபிடியை. எந்த எண் என்பது உங்கள் விருப்பம். பெட்டியோடு வந்த கூலரும் ஒப்பீட்டில் இருந்தால் 65, 88 போன்ற ஒன்றை எடுங்கள், அதைத் தாண்டினால் சின்னக் கூலர் திணறிச் சிபியூ தன் வேகத்தைக் குறைத்துவிடும். வேகம் குறைந்துவிட்டால் வாட்டும் குறையும், ஒப்பீடு அங்கேயே முடிந்தது.

அடுத்து ஃபேன். நான்கு கம்பி இணைப்பான் என்றால் பிடபிள்யூஎம், மூன்று என்றால் டிசி. பயாஸில் சரியான முறையைத் தேர்ந்தெடுங்கள், மூன்று கம்பி ஃபேனைப் பிடபிள்யூஎம்மில் விட்டால் அது எப்போதும் முழு வேகத்தில் அலறும். பிறகு, சூட்டுக்கேற்ப ஃபேன் வேகத்தை மாற்றும் வளைவை அழித்துவிட்டு நிலையான வேகத்தில் வையுங்கள். விண்டோஸிலேயே செய்ய ஃபேன் கண்ட்ரோல் என்ற இலவச மென்பொருள் உண்டு, ஒவ்வொரு முறையும் பயாஸுக்குள் போகும் தொல்லை இருக்காது. கேபினட் ஃபேன்களையும் ஒரு வேகத்தில் நிறுத்துங்கள். கிராபிக்ஸ் கார்டைத் தொட வேண்டியதில்லை, பல கார்டுகளில் வேலை இல்லாதபோது ஃபேன் தானாகவே நின்றுவிடும்.

7. முதலில் சத்தம், இரவில்

இதுதான் பலருக்கும் தோன்றாத குறுக்குவழி. ஃபேன் போடும் சத்தம் அதன் சுழற்சி வேகத்தைப் பொறுத்தது. சிபியூ சூடாக இருக்கிறதா குளிர்ந்திருக்கிறதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆகவே சூட்டையும் சத்தத்தையும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. நம் வீடுகளில் அது முடியவும் முடியாது. மின்விசிறியை நிறுத்தினால் அறைச் சூடு ஏறும், போட்டால் அதன் சத்தத்தில் கூலரின் சத்தம் கேட்காது. பிரித்துச் செய்யுங்கள்.

தெரு அடங்கிய பிறகு, மின்விசிறி, ஏசி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டரையும் நிறுத்தி, முதலில் அறையின் சத்தத்தை அளந்து எழுதுங்கள். பிறகு கம்ப்யூட்டரைப் போட்டு, எந்த வேலையும் கொடுக்காமல், கேபினட் ஃபேன்களைக் கூடியவரை குறைத்துவிட்டு, கூலர் ஃபேனை 600, 900, 1200, 1500, முழு வேகம் என்று ஒவ்வொன்றாக வைத்து அளக்க வேண்டும். போன் எப்போதும் ஒரே இடத்தில். நீங்கள் உட்காரும் நாற்காலியில் காது இருக்கும் உயரம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. தூரம் இரண்டு மடங்கானால் திறந்த வெளிக் கணக்கில் 6 டெசிபல் குறைந்துவிடும், அதனால் போன் ஒரு சாண் நகர்ந்தாலும் எண் கெட்டுப்போகும்.

அறையின் சத்தத்துக்கும் ஃபேன் ஓடும்போது வரும் சத்தத்துக்கும் 10 டெசிபல் வித்தியாசம் இருந்தால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். 3 டெசிபல்தான் என்றால் ஃபேனின் சத்தம் அறையின் சத்தத்துக்குச் சமம் என்று பொருள். அதற்கும் கீழே போனால் நீங்கள் அளந்துகொண்டிருப்பது பக்கத்து வீட்டு ஏசியை. போனை நெருக்கமாக வைத்து, இரண்டு கூலருக்கும் அதே நெருக்கத்தில் மறுபடி அளங்கள்.

டெசிபல் நேர்க்கோட்டுக் கணக்கு கிடையாது. 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். ஒரே மாதிரி இரண்டாவது ஃபேன் சேர்த்தால் 3 டெசிபல்தான் கூடும். ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினால் சுமார் 15 டெசிபல் குறையும், 1500இலிருந்து 1000க்கு இறக்கினால் 9 டெசிபல் அளவுக்கு. இந்தக் கடைசிக் கணக்கு தோராயமானது, ஆனால் கூலர் ஒப்பீட்டின் சாரமே இதில்தான் இருக்கிறது. வேகத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் சத்தம் கிட்டத்தட்ட பாதியாகிவிடுகிறது, ஆனால் பெரிய கூலரில் அதனால் ஏறும் சூடு பெரும்பாலும் சில டிகிரிதான்.

எண்ணோடு நிறுத்திவிடாமல் காதையும் கேளுங்கள். ஒரே 35 டெசிபலில் ஒரு ஃபேன் காற்று போவதுபோல் சீராகக் கேட்கும். இன்னொன்று 'ங்ங்' என்று ஒரே சுருதியில் முனகும், அல்லது டிக் டிக் என்று பேரிங் தட்டும். மீட்டருக்கு இரண்டும் ஒன்று. உங்களுக்கு இரண்டாவது ஒரு வாரத்தில் எரிச்சலாகிவிடும். வேகத்தை 50, 50 ஆக ஏற்றிப் பார்த்தால் சில குறிப்பிட்ட வேகங்களில் மட்டும் கேபினட் அதிர்ந்து ரீங்கரிப்பது தெரியும். அந்த வேகங்களைக் குறித்து வையுங்கள்.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் டெசிபல் எண்களை வைத்து இரண்டு பிராண்டுகளை ஒப்பிடாதீர்கள். எவ்வளவு தூரத்தில், எந்த மாதிரி அறையில், ஃபேனைத் தனியாகவா, கூலரின் உலோகப் பகுதியான ஹீட்சிங்க்கோடு மாட்டியா அளந்தார்கள் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

8. அடுத்து சூடு, பகலில்

மின்விசிறி இப்போது ஓடலாம், ஆனால் ரெகுலேட்டர் எல்லாச் சோதனைக்கும் ஒரே எண்ணில். கேபினட்டின் பக்கக் கதவு மூடியிருக்கட்டும். திறந்து வைத்தால் மின்விசிறிக் காற்று உள்ளே புகுந்து சின்னக் கூலரையும் பெரிய ஆளாக்கிக் காட்டும். ஏசி போட்டால் அது நின்று நின்று ஓடுவதால் அறைச் சூடு ஏறி இறங்கும், முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

வெப்பமானியைக் கேபினட்டுக்குக் காற்று நுழையும் முன்பக்கத்தில், ஓர் அடி தள்ளி வையுங்கள். பின்னால் வைத்தால் கம்ப்யூட்டர் கக்கும் சூட்டையே அறைச் சூடு என்று எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

சத்தச் சோதனையில் இரண்டு கூலரும் ஒரே டெசிபல் காட்டிய வேகங்களைக் கண்டுபிடியுங்கள். ஒன்றுக்கு அது 1050 ஆக இருக்கலாம், இன்னொன்றுக்கு 1300. அந்தந்த வேகத்தில் ஃபேனை நிறுத்தி, சினிபெஞ்சை 30 நிமிட அமைப்பில் ஓட விடுங்கள். முதல் பதினைந்து நிமிடத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், கனமான ஹீட்சிங்க் முழுதாகச் சூடேற அவ்வளவு நேரம் வேண்டும். இரண்டு நிமிடம் ஓட்டிவிட்டு "அடேங்கப்பா, 58 டிகிரிதான்" என்று வீடியோ போடுகிறவர்கள் அளப்பது உலோகத்தின் எடையைத்தான்.

பதினைந்தாவது நிமிடம் எச்டபிள்யூ இன்ஃபோவில் கடிகாரப் பொத்தானை அழுத்திப் பழைய எண்களை அழித்துவிடுங்கள். முடிவில் சராசரி என்ற நெடுவரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சம் என்பது ஒரு நொடி துள்ளலையும் பிடித்துவைக்கும், ஒப்பீட்டுக்கு உதவாது. இன்டெலில் சிபியூ பேக்கேஜ் சூடு, ஏஎம்டியில் டிசிடிஎல்/டிடை. கூடவே சராசரி வாட், சராசரி கிளாக், ஆரம்பத்திலும் முடிவிலும் அறைச் சூடு. தெர்மல் த்ராட்லிங் (சூட்டால் சிபியூ வேகத்தைக் குறைத்தது) என்ற வரியில் 'ஆம்' என்று வந்திருந்தால் அந்தச் சோதனை செல்லாது, வாட்டைக் குறைத்து மறுபடி தொடங்குங்கள். நடுவில் கரண்ட் போனாலும் அப்படித்தான். வெயில் காலத்தில் இதற்கென்றே கொஞ்சம் பொறுமையைச் சேமித்து வைத்துக்கொள்வது நல்லது.

9. கணக்குப் போடுவது

சிபியூ சூட்டிலிருந்து அறைச் சூட்டைக் கழியுங்கள். அந்த மிச்சம்தான் கூலரின் மதிப்பெண்.

ஓர் உதாரணம். இரண்டு கூலரையும் 88 வாட்டில், ஒரே சத்தத்தில் ஓட்டியதாக வைத்துக்கொள்வோம். காலையில் அறை 31 டிகிரி, முதல் கூலர் 79 காட்டுகிறது. மத்தியானம் அறை 34, இரண்டாவது கூலர் 78. திரையை மட்டும் பார்த்தால் ஒரு டிகிரிதான் வித்தியாசம், இதற்கா இவ்வளவு பணம் என்று தோன்றும். கழித்துப் பார்த்தால் முதலாவது 48, இரண்டாவது 44. வித்தியாசம் நான்கு டிகிரி. வாட்டால் வகுத்தால் முதலாவது வாட்டுக்கு 0.55 டிகிரி, இரண்டாவது 0.50.

இந்த வாட்டுக்கு டிகிரி எண்ணை வைத்து உங்கள் சிபியூவுக்குள்ளேயே முன்கூட்டிக் கணிக்கலாம். 117 வாட், மே மாதத்து 35 டிகிரி அறை என்றால் இரண்டாவது கூலரில் ஏறக்குறைய 35ஐயும் 58ஐயும் கூட்டி 93 வரும். ஆனால் வேறொருவருடைய சிபியூவில் வந்த எண்ணோடு ஒப்பிடாதீர்கள். ரைசனில் சூடு ஒரு சிறிய சில்லுக்குள் குவிகிறது. ரைசன் 7000 வரிசையின் ஜென் 4 வடிவமைப்பில் கோர்கள் இருக்கும் சில்லு சுமார் 70 சதுர மிமீதான். அங்கிருந்து மூடித் தகடு வரை சூடு வருவதே பெரும்பாடு, அதற்கு எந்தக் கூலரும் உதவ முடியாது. அதனால்தான் ஒரே கூலர் ஒரே வாட்டில் இன்டெலில் ஓர் எண்ணும் ரைசனில் வேறோர் எண்ணும் காட்டுகிறது.

10. எந்த வித்தியாசத்துக்குப் பணம் கொடுக்கலாம்?

ஒரே சத்தத்தில் வித்தியாசம் 2 டிகிரிக்குள் இருந்தால் இரண்டும் ஒன்றே என்று எடுத்துக்கொண்டு விலை குறைந்ததை வைத்துக்கொள்ளுங்கள். மாட்டும் விதத்திலேயே அவ்வளவு மாறும் என்று முன்பே சொன்னேன். 3, 4 டிகிரி வந்தால் இரண்டையும் ஒரு முறை கழற்றி மாட்டி மறுபடி பாருங்கள், அப்போதும் நின்றால் உண்மை. 8, 10 டிகிரி என்றால் கேள்வியே இல்லை.

ரைசன் 5 5600, ஐ5-12400 போன்றவற்றுக்கு இரட்டைக் கோபுரம் வேண்டாம் என்பது என் கட்சி. ஒற்றைக் கோபுரத்தில் ஃபேன் மெதுவாகச் சுற்றியே சமாளித்துவிடும். அவற்றோடு வரும் ரெய்த் ஸ்டெல்த், லாமினார் ஆர்எம்1 கூலர்களும் சூட்டைப் பொறுத்தவரை வேலையைச் செய்துவிடும், தொல்லை சத்தம்தான். மாற்றுவதானால் சத்தத்துக்காக மாற்றுங்கள். 200 வாட்டுக்கு மேல் இழுக்கும் சிபியூவை முழு நேரமும் ரெண்டரிங்கில் ஓட்டுகிறவர்கள் பெரியதற்குப் போகலாம். போவதற்கு முன் பிஎல்2ஐக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். கடைசி ஐம்பது வாட்டில் கிடைக்கும் வேகம் எவ்வளவு சொற்பம் என்பது சினிபெஞ்ச் மதிப்பெண்ணிலேயே தெரியும், சில சமயம் கூலர் செலவே மிச்சமாகும்.

முடிவெடுத்த பிறகு ஃபேன் வளைவைத் திரும்பப் போட மறந்துவிடாதீர்கள், நிலையான வேகத்தில் விட்டுவிட்டால் அடுத்த கோடையில் சிபியூ தவிக்கும். 7ஆம் படியில் ரீங்கரித்த வேகங்களில் ஃபேன் நிற்காதபடி வளைவை அமையுங்கள். சூடு ஏறிய உடனே ஃபேன் துள்ளாமல், சில நொடி தாமதித்து ஏறும்படி ஓர் அமைப்பு பெரும்பாலான பயாஸ்களில் உண்டு, அதையும் போட்டுவிடுங்கள். உங்கள் கடைசிச் சோதனையின் எண்களை, வாட், வேகம், அறைச் சூடு மூன்றோடும், கேபினட்டின் உள்பக்கம் ஒரு தாளில் ஒட்டி வைக்கலாம். ஆறு மாதம் கழித்து அதே சோதனையை ஓட்டி, மிச்ச எண் ஐந்து டிகிரிக்கு மேல் ஏறியிருந்தால் முதலில் தூசியைத் தட்டுங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும். தூசி போயும் எண் இறங்கவில்லையென்றால்தான் பேஸ்ட்டை மாற்ற வேண்டும்.